வெளுக்காமல் போன குற்றம்

எங்கள் கட்டடம் பாதியில் மடங்கித் திரும்பும். அதனால் என் சமையலறை ஜன்னலும் எதிர்வீட்டு முன்னறை ஜன்னலும் ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்துக்கொண்டே இருக்கும். கட்டியவன் புண்ணியவான். காய் நறுக்குவது, துணி மடிப்பது, தலை வாருவது எல்லாம் எனக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றால்தான் கை ஓடும். அந்த ஜன்னலுக்கு ஒரு நாள் காலையில் கறுப்புத் துணி ஏறியது என்றால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அன்று கத்தரிக்காயும் சரியாக நறுக்கவில்லை, தலையில் வகிடும் நேராக வரவில்லை.

அடுத்து அந்த வீட்டு வாசல் கதவின் அடி இடுக்கை அடைக்க ஒரு துணிச்சுருள் வந்தது. முன்னறை பல்பு மாறியது. புதிதாகப் போட்ட பல்பு வெளிச்சம் தருவதற்கு யோசிக்கும் ரகம். கீழ்த்தளத்து டியூஷன் டீச்சர், "கண் ஆபரேஷன் பண்ணியிருப்பாங்க, வெளிச்சம் ஆகாது" என்றார். மேல்மாடியில், "யாரையோ உள்ள ஒளிச்சு வச்சிருக்காங்க" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு உண்மை தெரியும். உண்மை தெரிந்தவள் வதந்தி கிளப்பக் கூடாது; மற்றவர்கள் கிளப்புவதைக் கேட்டு ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒளித்து வைத்திருந்தது உண்மைதான். ஆனால் ஆளை அல்ல, துணியை.

எதிர்வீட்டு அம்மாவைப் படிக்கட்டு முழுவதும் தூசியக்கா என்றுதான் சொல்லும், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில். யார் வீட்டுக்குப் போனாலும் டிவி மேல் ஒரு விரலை ஓட்டுவார். விரலைப் பார்ப்பார். பிறகு நம்மைப் பார்ப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அவர் போன பிறகு டிவியைத் துடைக்காத வீடு எங்கள் கட்டடத்தில் கிடையாது.

அவர் வீட்டுக்காரர் எக்ஸ்ரேக்காரர். வேலை பார்த்த காலம் முழுவதும் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், சிவப்பு பல்பின் கீழ் ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற அன்றைக்கே ஒரு பிரம்பு நாற்காலியைத் தோளில் சுமந்து வந்தார். படிக்கட்டில் எதிரே வந்த என்னிடம், "இனிமே எனக்கு ஒரே வேலைதாம்மா. வெயில்ல உட்கார்றது" என்றார். முன்னறை ஜன்னலோரம் அந்த நாற்காலி போடப்பட்டது. மத்தியான வெயில் அவர் மடியில் பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கிடக்கும். அவ்வளவு நிம்மதியான ஆண்பிள்ளை முகத்தை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரர் தூங்கும்போதுகூட முகம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

அந்த நிம்மதிக்கு உலை வைத்தது அவருடைய கூடப் பிறந்த தங்கை. தூசியக்காவுக்கு நாத்தனார். அந்த அம்மாவுக்கு நான் வைத்த பெயர் தராசு. எந்தப் பேச்சையும் எடை போடாமல் விட மாட்டார். அண்ணி "வாம்மா" என்றால், போன தடவை சொன்ன "வாம்மா"வைவிட இது ஒரு கிராம் குறைவு என்று கண்டுபிடித்துவிடுவார்.

தராசுக்கு ஒட்டுப்போர்வை பைத்தியம். விதவிதமான துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அடியில் ஒரு துணி கொடுத்துத் தைப்பது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மகள் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அம்மா கையால் தைத்த போர்வையோடுதான் போக வேண்டும் என்று அவருக்கு ஒரே பிடிவாதம். மேல்துணி பாதி தைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து வீட்டுத் தரையைப் பெயர்த்துப் புதுசு போட ஆள் வந்துவிட்டார்கள். வீடு முழுக்கச் சிமென்ட் புழுதி. குடும்பம் தற்காலிகமாக வேறு வீட்டுக்குப் போனது. தையல் மெஷின் பெட்டிக்குள் போனது. துணி மூட்டைகள் அண்ணன் வீட்டுக்கு வந்தன, பாதிப் போர்வை மட்டும் தராசோடு போனது.

ஒப்படைப்பு எங்கள் மாடிப்படி முகப்பில்தான் நடந்தது. நான் கதவை ஒருக்களித்து வைத்திருந்தேன். காற்றுக்காக.

"அண்ணி, மத்ததெல்லாம்கூடப் போகட்டும். இது ஒண்ணுதான் என் உசிரு" என்று ஒரு மூட்டையைத் தனியாக எடுத்தார் தராசு. உள்ளே கத்தரிப்பூ நிறத் துணி. அதில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. சும்மா சொல்லக் கூடாது, கண்ணை இழுக்கும் நிறம். "மீதிப் பாதிப் போர்வைக்கு இதுதான். இந்தத் துணியை இப்போ எந்த மில்லும் போடறதில்லை. வெளுத்துதுன்னா போர்வை அவ்வளவுதான். வெயில் படக் கூடாது. தூசி படிஞ்சு மடிப்புல கறை இறங்கக் கூடாது."

"எங்க வீட்ல தூசியா?" என்றார் தூசியக்கா. அந்தக் கேள்வியில் கட்டடமே கொஞ்சம் கூசிப்போனது.

"சொல்லி வைக்கிறேன் அண்ணி. அந்தக் குண்டா மாதிரி ஆயிடக் கூடாதுல்ல?"

இந்தக் குண்டா விஷயத்தை நான் இங்கே சொல்லியாக வேண்டும். தூசியக்கா கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனாரிடம் ஒரு வெண்கலக் குண்டாவை இரவல் வாங்கினார். திருப்பிக் கொடுக்கும்போது அதன் விளிம்பில் ஒரு ஒடுக்கு. அவ்வளவுதான். அந்த ஒடுக்கு இன்று வரை ஒரு விசேஷம் விடாமல் வந்திருக்கிறது. யார் வீட்டுக் காதுகுத்து, யார் வீட்டுப் புதுமனை என்றாலும், சாப்பிட்டு முடித்துக் கை துடைக்கும் நேரத்தில் தராசு ஆரம்பிப்பார்: "எங்க அண்ணிகிட்ட ஒரு தடவை ஒரு குண்டா குடுத்தேன் பாருங்க..." சொந்தக்காரர்களுக்கு மனப்பாடம். சின்னப் பிள்ளைகள் கூடவே சொல்லும். தூசியக்கா ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் ஒரு தடவை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பல் மட்டும்தான் சிரிக்கும்.

ஆக, துணியில் ஒரு நூல் வெளுத்தாலும் போதும். அடுத்து வரும் கல்யாணத்தில், பெண் வீடு, மாப்பிள்ளை வீடு இரண்டும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், குண்டாவுக்குத் துணையாகத் துணியும் மேடையேறும். அதனால்தான் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.

தூசியக்கா அரைகுறையாக எதையும் செய்பவர் இல்லை. பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் கட்டும் என்று, பழைய பருத்திப் படுக்கை விரிப்புகளைச் சோப்புப் போகும் வரை அலசிக் காயவைத்து, அதில் ஒவ்வொரு துணியையும் சுற்றினார். அலமாரியின் மரத்தட்டில் வைத்தால் மரச்சாறு ஒட்டும் என்று அதற்குத் தனியாக ஒரு விரிப்பு. ஒரே இடத்தில் மடித்து வைத்தால் மடிப்பில் கோடு விழும் என்று அவ்வப்போது எடுத்து வேறு மாதிரி மடித்தார். இதெல்லாம் நியாயம். எந்தத் துணிக்காரியும் செய்வாள். அதோடு நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. விளக்குமாறு தூசியைக் கிளப்பும் என்று விளக்குமாற்றுக்குத் தடை வந்தது. ஈரத்துணி மட்டும். மின்விசிறி தூசியை வீட்டுக்குள் ஊர்வலம் விடும் என்று அதற்கும் தடை. உள்ளே வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டுக் கால் கழுவ வேண்டும். அதுவும் தூசியக்கா பார்க்க. ஒரு நாள் நான் கொஞ்சம் சர்க்கரை கேட்கிற சாக்கில் போனேன்.

"கையைக் காட்டுங்க."

காட்டினேன்.

"திருப்புங்க."

திருப்பினேன்.

"இருங்க, நானே கொண்டாந்து தர்றேன்" என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். என் கைக்கு அன்று தேர்வில் தேர்ச்சி இல்லை.

உள்ளே இருட்டில் ஒரு இருமல் கேட்டது. "யாரும்மா அது? வெளிய வெயில் அடிக்குதா?" எக்ஸ்ரேக்காரர்.

"நல்லா அடிக்குதுங்க அண்ணே."

"எப்படி இருக்கு? மஞ்சளா, வெள்ளையா?"

"நீங்க சும்மா இருக்கீங்களா?" என்று தூசியக்கா உள்ளே திரும்பி ஒரு அதட்டு. "தங்கச்சி துணிதானே? என் துணியா?"

"நான் ஒண்ணும் சொல்லலை. ஆஸ்பத்திரியிலயாவது மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்கன்னு நான் அடுத்தவங்களைச் சொன்னேன். இப்போ நான் அசையாம உட்கார்ந்திருக்கேன். மூச்சை எப்போ விடலாம்னு மட்டும் சொல்லு."

பாவம், பிரம்பு நாற்காலி மூலைக்குப் போய்விட்டது. அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிப்படி முகப்பில், மேலிருந்து ஒரு கையகல வெயில் விழும் இடத்தில் நின்று படிப்பார். வெயில் நகர நகர அவரும் படி படியாக இறங்குவார். விளையாட்டுச் செய்தி வரும்போது கீழ்த்தளத்தில் இருப்பார்.

தரை வேலை ஒரு வழியாக முடிந்தது. ஒப்பந்தக்காரர் சொன்ன தேதிக்கு எவ்வளவோ தள்ளித்தான், அது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. தராசு தன் பாதிப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், பொன்னாடை போர்த்திக்கொண்ட மாதிரி.

தூசியக்கா அன்று சீவிச் சிங்காரித்துத் தயாராக இருந்தார். மூட்டையை முகப்பின் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்து, தாமே முடிச்சை அவிழ்த்து, குழந்தையின் முகத்திலிருந்து போர்வையை விலக்குகிற மாதிரி விரிப்பை விலக்கினார். கத்தரிப்பூ அப்படியே பளபளவென்று விழித்துப் பார்த்தது.

தராசு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அண்ணி, என் துணி எங்க?"

"இதுதான்."

"இது இல்லை."

"என்னடி இது இல்லை? நீ குடுத்தது இதேதான்."

"என் துணி இந்தக் கலர் இல்லை. இது அடிக்கிற கலரு. என் கலர் இதோ இருக்கு" என்று தோளிலிருந்த பாதிப் போர்வையை உதறிப் பக்கத்தில் விரித்தார்.

நான் கதவை முழுசாகத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். இனிமேல் ஒருக்களித்துப் பார்க்கிற விஷயமில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. மூட்டைத் துணி இப்போதுதான் பறித்த கத்தரிப்பூ. போர்வையில் இருந்தது வாடி உதிர்ந்து யாரோ மிதித்த கத்தரிப்பூ. ஒரே துணி என்று சத்தியம் செய்தாலும் எவரும் நம்ப மாட்டார்கள்.

"மாத்திட்டீங்க!" என்றார் தராசு. "என் துணியை எங்கேயோ பாழாக்கிட்டு, இதை வாங்கி வச்சுட்டீங்க! குண்டாவையாவது அதே குண்டாவாக் குடுத்தீங்க!"

தூசியக்கா திறந்த வாயை மூடவில்லை. விரல் மட்டும் காற்றில் எதையோ துடைத்தது. நான் பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த நேரத்தில் ரொம்பப் பாவமாகவும் இருந்தது, ரொம்ப நன்றாகவும் இருந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஒரு குரல். எக்ஸ்ரேக்காரர் பாதிப் படியிலிருந்து பேப்பரோடு ஏறி வந்தார். கீழே உட்கார்ந்தார். போர்வையைத் திருப்பிப் போட்டார். இன்னும் பஞ்சு வைக்காததால் அடிப்பக்கம் தையல் எல்லாம் தெரிந்தது. ஒரு தையலுக்குள் மடிந்து கிடந்த ஓரத்தை நகத்தால் பிரித்து, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். எக்ஸ்ரே படம் பார்க்கிற பழக்கம்.

"இங்க பாரு. உள்ள ஒரு கலர், வெளிய ஒரு கலர்."

பிரித்த இடத்தில் நகத்தளவு துணி. பளபளவென்று. மூட்டைத் துணிக்கு இரட்டைப் பிள்ளை.

"இந்தப் போர்வையை எங்கம்மா வச்சிருந்தே?"

கூட வந்திருந்த கல்யாணப் பெண்தான் சொன்னாள். "நாங்க தங்கியிருந்த வீட்ல, சோபா முதுகுல மாமா. பெரிய ஜன்னல் பக்கத்துல. வர்றவங்க போறவங்க எல்லாரும் பார்க்கணும்னு அம்மாதான் போட்டு வச்சாங்க."

டியூஷன் டீச்சர் மூன்று படி மேலே ஏறி வந்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

தூசியக்கா மெல்ல நிமிர்ந்தார். இத்தனை வருடத்துக் குண்டா முதுகிலிருந்து இறங்குவது எனக்குக் கண்ணால் தெரிந்தது. ஆனால் தராசு சாதாரண ஆளா?

"அப்போ தப்பு உங்க மேலதான் அண்ணி."

"என்னது?"

"எல்லாத் துணியும் இந்நேரம் கொஞ்சம் வெளுத்திருக்கும். அதுதான் இயற்கை. இப்படி ஒரேயடியா இருட்டுல போட்டு வச்சா எந்தப் போர்வையோட சேரும்? மீதிப் பாதியை நான் எதால தைப்பேன்? கல்யாணத்துக்கு ஒரு பக்கம் பகல், ஒரு பக்கம் ராத்திரின்னு போர்வை குடுக்கவா?" சொல்லிக்கொண்டே வந்தவருக்குக் கடைசியில் குரல் உடைந்துவிட்டது. நடிப்பில்லை. அந்தப் பாதிப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வெளுத்துக் குடுங்க அண்ணி. எப்படியாவது வெளுத்துக் குடுங்க."

உலகத்தில் எந்த நாத்தனாரும் எந்த அண்ணியிடமும் இப்படி ஒரு உதவி கேட்டிருக்க மாட்டாள். தூசியக்கா ஒரு கண்ணால் பளபளக்கும் துணியைப் பார்த்தார், ஒரு கண்ணால் நாத்தனாரைப் பார்த்தார். பெற்ற பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்புகிற முகம்.

"சரி, எழுந்திரு" என்றார். "மொட்டை மாடிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

மறுநாளிலிருந்து எங்கள் கட்டடத்துக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. வெயிலை வீட்டுக்குள் விடாமல் விரட்டிய அதே அம்மா, இப்போது துணியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் வெயிலைத் துரத்தினார். வெயிலுக்கும் ரோஷம் உண்டு போலிருக்கிறது. அத்தனை நாள் காய்ந்து தள்ளிய வானம், அன்று காலையில் ஒரு மேகத்தை இழுத்து முகத்தை மூடிக்கொண்டது.

"இப்போ வா, இப்போ வா" என்று வானத்தைப் பார்த்துக் கெஞ்சினார் தூசியக்கா.

"கறுப்புத் துணி போட்டவங்க வீட்டுக்கு வருமா அத்தை?" என்றாள் கல்யாணப் பெண்.

"நீ சும்மா இருடி. உன் போர்வைதான்."

மேகம் விலகினால் ஓட்டம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் நகர்ந்து வந்தால் துணியை இழுத்துக்கொண்டு எதிர்மூலைக்கு ஓட்டம். பக்கத்துக் கட்டடத்துக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தைக்கூட விடாமல் பிடிக்கப் பார்த்தார்கள். தராசு ஒரு முனை, தூசியக்கா ஒரு முனை. "உங்க பக்கம் தூக்குங்க அண்ணி!" "நீ இழுக்காதே, கிழிஞ்சிடும்!" "தொட்டி நிழல் வருது, நிழல் வருது!" நான் காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன். பிறகு காயப்போடப் போனேன். பிறகு கிளிப்பை எண்ணப் போனேன். டியூஷன் டீச்சர் பிள்ளைகளுக்கு அன்று மொட்டை மாடியில் பாடம் வைத்தார். ஒரு பிள்ளையும் புத்தகத்தைப் பார்க்கவில்லை, டீச்சரும் பார்க்கவில்லை.

தூசியும் இருக்கிறதே. வெயில் வேண்டும், தூசி வேண்டாம். துணிக்கு அடியில் அலசிய விரிப்பு. விரிப்பின் மேல் ஏறும் முன் எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும். தூசியக்கா மெல்லிய பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு மணிக்கொரு தடவை துணியைச் சுற்றித் தடவிக்கொடுப்பார்.

இரண்டு நாளில் ஆட்டம் ஓய்ந்து ஒழுங்கு வந்தது. தூசியக்கா இருக்கும் இடத்தில் ஒழுங்கு வராமல் எங்கே போகும்? தொட்டி நிழல் எட்டாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். தினமும் விடியுமுன் இருட்டிலேயே அதே கோட்டில் அதே விரிப்பு, அதன் மேல் அதே முனை அதே மூலையில் இருக்கும்படி துணி. காற்றில் பறக்காமல் இருக்கப் பாரம் வேண்டுமே. ஒரு மூலையில் பாத்திர மூடி, ஒரு மூலையில் கத்தரிக்கோல், மூன்றாவதில் கழுவிய செங்கல். எல்லாம் அதனதன் இடத்தில், ஒரு விரல் தள்ளி இருக்காது. நாலாவது மூலையை, "ஏதாவது சுத்தமானதா வைங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். தாம் காத்த நிறம் கண்முன்னே வெளுப்பதைப் பார்க்க அவருக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் துணியை மடித்து எடுத்து வருவதும் எக்ஸ்ரேக்காரர் பொறுப்பு. இருட்டிய பிறகுதான் எடுப்பார். அவருக்கு என்ன அவசரம்? பிரம்பு நாற்காலி மாடிக்கு வந்துவிட்டதே. துணிக்குக் காவல் என்ற பெயரில் வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்துக்கிடந்தார். சாயங்காலம் பார்த்தால் மனிதர் சுட்ட அப்பளம் மாதிரி இருப்பார். அப்படி ஒரு சிரிப்பு.

துணியின் ஒரு நீள ஓரத்தை மட்டும் தராசு தினமும் போர்வையோடு ஒட்டிப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம்." மறுநாள், "இன்னும் ஒரு சொட்டு." ஒரு நாள் ஒட்டிப் பார்த்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். எது போர்வை, எது துணி என்று அவருக்கே தெரியவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குதி குதித்தார். தூசியக்காவும் குதித்தார். இரண்டு பேருக்கும் மூட்டுவலி உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

துணியைத் தூசியக்கா வீட்டு முன்னறையில் விரித்தார்கள். கறுப்புத் துணியை ஜன்னலிலிருந்து இழுத்துப் போட்டார்கள். இந்தத் தடவை கையைக் காட்டச் சொல்லாமலே என்னை உள்ளே விட்டார்கள். சந்தோஷத்தில் மறந்துவிட்டார்கள்.

பிறகு எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

ஒரு மூலையில் வட்டமாக ஒரு பாத்திர மூடி. இன்னொரு மூலையில் ஒரு கத்தரிக்கோல், கைப்பிடி வளையத்தோடு. மூன்றாவதில் ஒரு செங்கல். எல்லாம் அடர்ந்த கத்தரிப்பூ நிறத்தில், அச்சுப் போட்ட மாதிரி. பாரம் வைத்த இடத்தில் வெயில் படவில்லை. வேறு யாராக இருந்தாலும் இன்றைக்கு ஒரு இடம், நாளைக்கு ஒரு இடம் என்று வைத்திருப்பார்கள், ஒன்றும் தெரிந்திருக்காது. தினமும் ஒரு விரல் தள்ளாமல் வைக்க எங்கள் தூசியக்காவால்தான் முடியும்.

"நாலாவது மூலையில என்ன இது?" என்றார் தராசு.

குதிகால் அகலம் குறைவு. முன்பக்கம் அகலம். பெருவிரல் பக்கம் கொஞ்சம் தேய்ந்த வளைவு.

"செருப்பா?" தூசியக்காவின் குரல் எங்கிருந்தோ வந்தது. "துணி மேல, என் துணி மேல, செருப்பா?"

"கழுவின செருப்பு" என்றார் எக்ஸ்ரேக்காரர். "சுத்தமானதா வைக்கச் சொன்னே. சோப்புப் போட்டுக் கழுவித்தான் வச்சேன். ஒத்தைச் செருப்புதான். படம் எடுக்கிற மாதிரி, தினமும் அதே இடத்துல."

அவரைக் காப்பாற்றியது தராசின் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து எனக்குத் தொற்றியது. தூசியக்கா சிரிக்கக் கூடாது என்று முகத்தை இறுக்கிப் பிடித்தார். அது மூக்கு வழியாக வந்துவிட்டது.

மூடியை விட்டு, கத்தரிக்கோலை விட்டு, செங்கலை விட்டுச் சுற்றிச் சுற்றி வெட்டினார்கள். எல்லாச் சதுரமும் வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. மிச்சம் இருந்த துணியில் சதுரம் அளவுக்கு இருந்தது செருப்பு மூலை மட்டும்தான்.

"வேற துணி வச்சிடலாம்" என்றார் தராசு.

"இத்தனை பாடுபட்டுட்டு ஒரே ஒரு சதுரம் வேற துணியா? எல்லார் கண்ணும் அதுலதான் போகும்" என்றார் தூசியக்கா. யோசித்தார். பிறகு நாத்தனார் பக்கம் சாய்ந்து, குரலைத் தணித்து, "கால்மாட்டுக் கடைசி மூலையில வச்சிடு. மெத்தைக்கு அடியில போயிடும். யார் பார்க்கப் போறா?"

"செருப்புக்குக் கால்மாடுதானே அண்ணி சரி" என்றார் தராசு. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள். இத்தனை வருடத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரகசியம் வைத்தது அதுதான் முதல் தடவை. நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை. டியூஷன் டீச்சரிடம் சொன்னதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சாப்பாடு முடிந்து கை துடைக்கும் நேரம் வந்தது. தராசு தொண்டையைச் செருமினார். சொந்தக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சின்னப் பிள்ளைகள் வாயைத் தயாராக வைத்துக்கொண்டன. எனக்கு எதிர்ப் பந்தியில் தூசியக்காவின் முதுகு விறைப்பது தெரிந்தது.

"எங்க அண்ணிகிட்ட ஒரு தடவை..." என்றார் தராசு.

"ஒரு குண்டா!" என்றது ஒரு பொடிசு.

"சும்மா இருடா. ஒரு துணி குடுத்தேன். ஒரு நூல் வெளுக்கலை. அப்படி ஒரு கைகாரி எங்க அண்ணி. எங்க குடும்பத்துல யாருக்குத் துணி பத்திரமா இருக்கணுமோ, அவங்ககிட்ட குடுங்க." போர்வையைப் பிரித்து மாப்பிள்ளை வீட்டார் முன்னால் விரித்தார். "ஆஹா" என்றார்கள். உண்மையிலேயே ஆஹாதான். தூசியக்கா சிரித்தார். இந்தத் தடவை பல்லோடு கண்ணும் கன்னமும் சேர்ந்துகொண்டன. விரலை எடுத்து மேஜை மேல் ஓட்டக்கூட மறந்துவிட்டார்.

அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் கல்யாணப் பெண் கால்மாட்டு மூலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா, இது யார் கால்?"

தராசும் தூசியக்காவும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். கூரையில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பெண் விடுவதாக இல்லை. போர்வை மூலையைக் கையில் பிடித்தபடி வாசலுக்குப் போனாள். அங்கே விருந்தினர்கள் விட்ட செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள் ஒரு ஜோடியின் முன்னால் நின்றாள். வலது செருப்பு நல்ல அடர் பழுப்பு. இடது செருப்பு வெயிலில் வெளுத்து ரொட்டி நிறமாகியிருந்தது. ஒரே ஜோடி என்று சத்தியம் செய்தாலும் எவரும் நம்ப மாட்டார்கள்.

"மாமா, இங்க வாங்க. காலை வைங்க. அசையாதீங்க."

எக்ஸ்ரேக்காரர் வந்தார். இடது செருப்பை மாட்டினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் போர்வை மூலையை அருகில் கொண்டு போய் அளந்து பார்த்தாள். தேய்ந்த பெருவிரல் வளைவு உட்பட அச்சாகப் பொருந்தியது.

"விடலாம்" என்றாள் பெண். பிறகு போர்வையை மடித்து, அந்த மூலை மேலே தெரியும்படி வைத்துக்கொண்டாள். "இதைத் தலைமாட்டுல போட்டுக்கப் போறேன்."

மண்டபமே சிரித்து ஓய்ந்த பிறகும் தூசியக்கா மட்டும் அந்த ஜோடிச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று அடர்த்தி, ஒன்று வெளுப்பு. அவர் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. எனக்கு அந்தச் சுருக்கம் நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலையில் நான் ஈரத்துணியோடு மொட்டை மாடிக்குப் போனேன். பிரம்பு நாற்காலியில் எக்ஸ்ரேக்காரர், கண்ணை மூடிக்கொண்டு. அவருக்குப் பக்கத்தில் சாக்பீஸ் கோட்டுக்குள், அலசிய விரிப்பின் மேல், வலது செருப்பு தனியாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கையில் மெல்லிய பிரஷும் மறு கையில் இடது செருப்புமாகத் தூசியக்கா குனிந்து நின்று, இரண்டையும் ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் என்னிடம்.